மகளின் தட்டணுக்களும் மூன்றரை லட்ச ரூபாய் ஊசியும்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. 14 மாதங்களுக்கு முன் ஈறில் ரத்தம் கசிந்தது, கால்களில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. டெங்கு என்று பயந்து ஓடினோம். டெங்கு இல்லை, ஆனால் தட்டணு (பிளேட்லெட்) 9,000. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை செய்துவிட்டு ஐ.டி.பி. என்ற தட்டணு குறையும் நோய் என்றார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் 1,20,000 வரை ஏறியது. 15 மில்லிகிராமுக்குக் கீழே குறைத்தால் மறுபடி இறங்கிவிடுகிறது. இப்போது தினமும் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறாள், தட்டணு 28,000. முகம் உப்பிவிட்டது, வெறும் வயிற்றில் சர்க்கரை 146, மாதவிலக்கு பத்து நாள் போகிறது, ஹீமோகுளோபின் 8.6. பப்பாளி இலைச் சாறும் கொடுத்துப் பார்த்தேன். உறவினர் ஒருவர் சொல்லி ஒரு மையத்துக்குப் போனோம். "மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்லே செயலிழந்துவிட்டது, தொப்புள்கொடி ஸ்டெம் செல் மூன்று ஊசி போட்டால் நிரந்தரமாகச் சரியாகும்" என்று மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். 25,000 முன்பணம் கட்டிவிட்டோம். ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் காட்டினார்கள். என் மகன், வயது 20, அக்காவுக்குத் தன் மஜ்ஜையைத் தருகிறேன் என்கிறான். எதைச் செய்வது? அவளுக்குக் கல்யாணம் செய்யலாமா?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்களை எல்லாம் படித்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி வேண்டாம். உங்கள் மகன் மஜ்ஜை தர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் உடனே கவனிக்க வேண்டிய ஒன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 14 மாதமாக ஸ்டீராய்டு. என் கவலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அந்த மையத்தில் சொன்னது உங்கள் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கும்போது வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டெம் செல் செயலிழந்துவிட்டது" என்ற வாக்கியத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

எலும்பு மஜ்ஜைக்குள் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இரண்டு வகை. ஒன்று, ரத்தத்தை உண்டாக்குகிற குருத்தணு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. தட்டணுவுக்கு நேரடித் தாய் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணு. அதன் உடலிலிருந்து துண்டு துண்டாகப் பிய்ந்து ரத்தத்தில் கலப்பவையே தட்டணுக்கள். இரண்டாவது வகை, மெசன்கைமல் குருத்தணு. இது ரத்தத்தை உண்டாக்குவதில்லை. ரத்தம் உருவாகும் இடத்தைப் பேணிக் காப்பதும், சுற்றியுள்ள எதிர்ப்பாற்றல் அணுக்களை அளவுமீறாமல் அடக்கிவைப்பதும் இதன் வேலை. முதல் வகையை விதைநெல் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது நாற்றங்கால் மண்.

உங்கள் மகளின் மஜ்ஜை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிவப்பணு வரிசை சரியாக இருக்கிறது, வெள்ளையணு வரிசை சரியாக இருக்கிறது, மெகாகேரியோசைட்டுகள் "அதிகம்" என்று எழுதியிருக்கிறார்கள். விதைநெல் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஹீமோகுளோபின் குறைந்ததற்குக் காரணம் மஜ்ஜை இல்லை; மாதம் பத்து நாள் ரத்தம் போனால் யாருக்கும் குறையும்.

அப்படியென்றால் தட்டணு ஏன் குறைகிறது? உடலின் எதிர்ப்பாற்றல் தன் தட்டணுக்களையே அந்நியம் என்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுவை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் பிடித்துத் தின்றுவிடுகின்றன. சாதாரணமாக ஏழு முதல் பத்து நாள் வாழ வேண்டிய தட்டணு, சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ அழிந்துபோகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், இந்த நோயுள்ள ஒரு பெண்ணின் ரத்தம் ஏறக்குறைய அரை லிட்டரைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன. வலிப்பு வந்தது. உடம்பெல்லாம் புள்ளிகள். சில நாட்களில் எண்ணிக்கை தானாகவே மீண்டது. நல்ல மஜ்ஜை உள்ள ஒருவரின் தட்டணுவையும் அந்த ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று அழிக்கிறது என்று அன்று தெளிவாயிற்று. இப்படியொரு சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் ஐ.டி.பி.க்கு நாங்கள் தரும் மருந்துகள் பலவற்றுக்கும் அடிப்படை அங்கேதான் இருக்கிறது.

பிறகு வந்த ஆண்டுகளில் கதை இன்னும் கொஞ்சம் விரிந்தது. அதே எதிர்ப்பொருள் மெகாகேரியோசைட்டின் மேலும் ஒட்டுகிறது. டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களும் அதைத் தாக்குகின்றன. அறிக்கையில் எண்ணிக்கை அதிகம் என்று இருந்தாலும், அவை முதிர்ந்து தட்டணுவை உதிர்க்க முடியாமல் திணறுகின்றன. அழிவு ஒரு பக்கம், உற்பத்திக் குறைவு இன்னொரு பக்கம்.

அந்த மையத்தில் காட்டிய கட்டுரைகள் இதற்கு அடுத்த படியைப் பற்றியவை. ஐ.டி.பி. நோயாளிகளின் மஜ்ஜையிலிருந்து மெசன்கைமல் குருத்தணுக்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். சீனாவில், முக்கியமாகப் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுக்கள், இதில் நிறைய உழைத்திருக்கின்றன. அந்த அணுக்கள் மெதுவாக வளர்கின்றன, சீக்கிரம் மடிகின்றன, டி அணுக்களை அடக்குவதில் தோற்றுப்போகின்றன. எதிர்ப்பாற்றலுக்குக் கடிவாளம் போடும் ஒழுங்காற்று டி அணுக்களை வளர்த்துவிடவும் அவற்றால் இயலவில்லை. ஆகவே நாற்றங்கால் மண்ணில் குறை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறையால் நோய் வந்ததா, நோயின் அழற்சியால் அந்தக் குறை வந்ததா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த ஆராய்ச்சியை நடத்தியவர்கள் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். நோயாளிகளின் பழுதான மெசன்கைமல் அணுக்களைத் தேற்ற ஏதாவது மருந்து இருக்கிறதா என்று தேடினார்கள். ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் என்ற மாத்திரையால் அவை தேறுவதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். வைட்டமின் ஏ-யின் உறவான இந்த மருந்து, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாகத் தரப்படுகிறது. முதல் மருந்தில் தேறாத நோயாளிகளில் ஒரு பாதிக்கு டானசால் என்ற ஹார்மோன் மருந்து மட்டும், இன்னொரு பாதிக்கு டானசாலோடு இந்த மாத்திரையும் கொடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகும் தட்டணு நிலைத்து நின்றது டானசால் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு, இரண்டையும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு. எனக்கு இது உண்மையிலேயே உற்சாகம் தரும் செய்தி. ஆனாலும் இது இன்னும் உலகெங்கும் வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. அப்புறம், கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும் மருந்து இது. 24 வயதுப் பெண்ணுக்கு எடுத்தவுடன் இதை நான் எழுத மாட்டேன்.

தொப்புள்கொடியிலிருந்து எடுத்த மெசன்கைமல் அணுக்களை ஊசியாகப் போடுவதும் ஆராயப்படுகிறது. அது இப்போது சிறு எண்ணிக்கை நோயாளிகளிடம், பாதுகாப்பானதா என்று பார்க்கும் தொடக்கக் கட்டத்தில் இருக்கிறது. பல மருந்துகளும் கைவிட்டவர்களுக்கே அங்கும் போட்டுப் பார்க்கிறார்கள். "நிரந்தரமாகச் சரியாகும்" என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது.

நம் நாட்டு விதியும் இதில் தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, குறிப்பிட்ட ரத்த நோய்களுக்கான ரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை போன்றவையே ஏற்கப்பட்டவை. மற்ற குருத்தணுச் சிகிச்சைகள் எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மூன்றரை லட்சம் கேட்கிறார்கள் என்ற ஒன்றே எனக்குப் போதும். நேரில் போய் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுக்க முடியாவிட்டால் முன்பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள், ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தயங்க வேண்டாம். அது உங்கள் பணம்.

சரி, உங்கள் மகன் தருகிறேன் என்கிற மஜ்ஜை மாற்று வேறு விஷயம். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை, வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே நடக்கிறது. தலசீமியா, மஜ்ஜை வறண்டுபோகும் நோய், ரத்தப் புற்றுநோய் இவற்றில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கெல்லாம் விதையிலேயே கோளாறு. உங்கள் மகளுக்கு விதையில் கோளாறு இல்லை. 2003-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், எல்லா மருந்தும் தோற்றுப்போன 14 பேருக்கு அவரவர் குருத்தணுக்களையே எடுத்து, கடும் மருந்தால் எதிர்ப்பாற்றலைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு முழுமையாகக் குணம் நீடித்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது: கடும் கிருமித் தொற்று, கருத்தரிக்கும் திறன் போய்விடும் ஆபத்து, சில சமயம் உயிரே போகும் ஆபத்து. ஐ.டி.பி.யால் வருவதைவிடப் பெரிய ஆபத்தை அந்த நோய்க்கு மருந்தாக யாரும் பரிந்துரைப்பதில்லை. உடன்பிறந்தவர் என்பதற்காகவே பொருந்திவிடும் என்பதும் இல்லை. நான்கில் ஒரு வாய்ப்புதான்.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருகிறேன்.

ஸ்டீராய்டு இந்த நோயில் முதல் மருந்து. அதைத் தொடங்கியது சரியே. ஆனால் அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும் காலத்தையும் சேர்த்து ஆறு வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. மாத்திரையைக் குறைத்தால் தட்டணு இறங்குகிறது என்றால், "இன்னும் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்ப்போம்" என்பது பதில் ஆகாது. அடுத்த மருந்துக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே பொருள். உங்கள் மகளுக்கு அந்த நேரம் ஓர் ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. உப்பிய முகமும் சர்க்கரை 146-ம் மாத்திரையின் வேலையாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் எலும்பும் தேய்ந்துகொண்டிருக்கலாம். இதைப் படித்ததும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இத்தனை மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரை போகும். மருத்துவர் சொல்லும் கணக்கில், அடுத்த மருந்து கைகொடுக்கத் தொடங்கிய பிறகு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்த மருந்து எது? உங்கள் மகள் எல்லா வழியையும் முயன்று தோற்றவர் இல்லை. ஒரே ஒரு மருந்தைத்தான் பார்த்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தை நீங்களும் மகளும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 12 மாதம் தாண்டியதால் இதை நாள்பட்ட ஐ.டி.பி. என்கிறோம். நாள்பட்டது என்றால் தீராதது என்று பொருள் இல்லை.

திராம்போபாயட்டின் என்ற சுரப்பி நீர்தான் மெகாகேரியோசைட்டை வளரச் சொல்லி உசுப்புவது. 1994-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். தட்டணு இவ்வளவு குறைந்திருக்கும்போது இது எகிறியிருக்க வேண்டும், ஐ.டி.பி.யில் அப்படி எகிறுவதில்லை. அதன் வேலையைச் செய்யும் மருந்துகள் 2008-ல் வந்தன: எல்ட்ராம்போபாக் மாத்திரை, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ரோமிப்ளோஸ்டிம் ஊசி. எதிர்ப்பாற்றலை ஒடுக்காமல் உற்பத்தியைக் கூட்டுவதால், ஸ்டீராய்டிலிருந்து வெளியே வர இவை நல்ல வழி. சிலருக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகு மருந்தை நிறுத்தினாலும் தட்டணு நிலைத்து நிற்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் வகைகள் வந்திருப்பதால் முன்பைப் போல எட்டாத விலையும் இல்லை. மூன்றரை லட்சத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்ட்ராம்போபாக் எழுதித் தந்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இது பிசகிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பால், காபி, தயிர்சாதம், கேழ்வரகுக் கூழ், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து எதுவானாலும், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அவற்றைச் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுவதென்றால் நான்கு மணி நேரம் கழிய வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்த ஒரு பெண், ஆறு வாரம் தினமும் காலைக் காபியோடு அதை விழுங்கியிருந்தார். படுக்கப் போகும்போது போடச் சொன்னோம். மூன்றாவது வாரம் தட்டணு 70,000. கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது தேவை.

ரிட்டுக்சிமாப் இன்னொரு வழி. எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களை அது குறைக்கிறது. பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஏறும், ஆனால் ஐந்து வருடம் வரை நிலைப்பது நான்கு, ஐந்து பேரில் ஒருவருக்கே. இளம்பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பலன் தருவதால் இதையும் பேசிப் பாருங்கள். போடும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். மண்ணீரலை எடுப்பது 1916-ல் பிராக் நகரத்தில் காஸ்நெல்சன் என்ற மருத்துவ மாணவர் சொன்ன யோசனையிலிருந்து தொடங்கியது. இன்றைக்கும் மூன்றில் இரண்டு பேருக்கு நீண்ட காலம் பலன் தருகிறது. ஆனால் எடுத்த மண்ணீரலைத் திரும்ப வைக்க முடியாது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன விஷயம். உங்கள் தாள்களில் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி, தைராய்டு, லூபஸ் சோதனைகள் இருக்கின்றன. வைட்டமின் பி12-ம் வயிற்றுக் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரி சோதனையும் இல்லை. இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பப்பாளி இலைச் சாறு இந்த நோயில் எதிர்ப்பொருளைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. நிறுத்திவிடலாம்.

28,000 என்ற எண்ணைப் பார்த்துத் தினமும் பதற வேண்டாம். இயல்பு அளவான ஒன்றரை லட்சத்தை நாங்கள் துரத்துவதில்லை. 30,000-லிருந்து 50,000-க்குள் நின்று, ரத்தக் கசிவு இல்லாமல் இருந்தால் வேலைக்குப் போகலாம், பயணம் போகலாம். இப்போது அவரை வாட்டுவது மாதவிலக்குதான். அதற்கு டிரானெக்சாமிக் அமிலம் மாத்திரை, தேவையானால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை, கூடவே இரும்புச் சத்து. இதை ஏன் இதுவரை யாரும் தொடங்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் மூன்றும் கூடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். காய்ச்சல் என்று போனால் தசையில் ஊசி போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், வாய்க்குள் ரத்தக் கொப்புளம், கறுப்பாக மலம் போவது, நிற்காத மூக்கு ரத்தம் இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். இது தொற்றுநோய் இல்லை, பரம்பரையாக வருவதும் இல்லை. ஐ.டி.பி. உள்ள பெண்கள் கருவுற்று நல்லபடியாகப் பெற்றெடுப்பதை வருடந்தோறும் பார்க்கிறேன். சிசேரியன்தான் என்ற கட்டாயமும் கிடையாது. பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குத் தட்டணு குறைவாக இருக்கலாம். சில வாரங்களில் சரியாகிவிடும். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போது ரத்தவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சில மருந்துகளை அதற்குப் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இந்தப் பேச்சில் மகளையும் உட்கார வையுங்கள். கடிதம் முழுக்க அவரைப் பற்றி இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்பது ஒரு வரிகூட இல்லை.

உங்கள் மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, தட்டணு எண்ணிக்கை, அன்று சாப்பிட்ட ஸ்டீராய்டு அளவு மூன்றையும் 14 மாதத்துக்கும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அக்காவை இந்த வாரமே ரத்தவியல் மருத்துவரிடம் அழைத்துப்போகட்டும்.